மாணவர் அமைப்பை மூடச் சொன்ன வருடம்

எங்கள் அமைப்பின் தலைவர் என்னை அழைத்தபோது விமான நிலையத்தில் இருந்தார். அவர் பேச்சுக்கு நடுவே மூன்று மொழிகளில் அறிவிப்புகள் கேட்டுக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, நான் ஆஸ்திரேலியா போறேன். விசா திடீர்னு வந்திருச்சு. இனிமே நீதான் பாத்துக்கணும்" என்றார்.

அப்போது நான் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நாட்டில் டொலர் தீர்ந்து டீசல் வராமல் போனதால் பல்கலைக்கழகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாதி பிழிந்த சட்டை ஒரு கையில், போன் ஒரு கையில்.

"நானா? நான் கேம்ப் மட்டும்தானே பாத்தேன். கணக்கு வழக்கு ஒண்ணும் தெரியாதே எனக்கு."

"தெரிஞ்சுக்கிற அளவுக்கு கணக்குல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

அவர் வேகமாகச் சொல்லி முடித்தார். வெளிநாடு போவதற்காகத் தெரிவான பிள்ளைகள் கட்டிய வைப்புப் பணமும் செலவாகிவிட்டது. கொரோனாக் காலத்தில் ஆபீஸ் வாடகைக்கும் தலைமையகத்துக்குக் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணத்துக்கும் அதிலிருந்து எடுத்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள் திரும்ப வரத் தொடங்கினால் போட்டுவிடலாம் என்று அன்றைய செயற்குழு நினைத்தது. யாரும் வரவில்லை.

"அந்தப் புள்ளைங்க வீட்டுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல" என்றார். அதற்குள் அவருடைய விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

அந்த அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் மாணவர்கள் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டுக்குப் போய் சில மாதங்கள் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கலாம், வேலை பழகலாம். இலங்கைக் கிளை சின்னது. விடுமுறைக் காலத்தில் வெளிநாட்டு மாணவர்களை மலையகத்துக்கு அழைத்து வந்து, தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில முகாம் நடத்துவதுதான் எங்கள் முக்கிய வேலை. அவர்கள் கட்டும் டொலரில்தான் கிளையே ஓடியது. எங்கள் பிள்ளைகளில் சிலரும் வருடந்தோறும் வெளிநாடு போய் வருவார்கள். லயத்துப் பிள்ளைகள் கடவுச்சீட்டு எடுத்தால் வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ தான் என்றிருந்த இடத்தில், படிக்கப் போவதற்காகச் சிலர் எடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதனால்தான் முகாம் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

தோட்டத்தில் "அமைப்பு" என்றால் யாருக்கும் விளங்காது. "சங்கம்" என்று சொன்னால் "எந்த யூனியன்?" என்பார்கள். அம்மா மட்டும் "இவ வெள்ளக்காரப் புள்ளைங்க சங்கத்துல இருக்கா" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

அன்று முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், பீலிக்கரைக்குப் போனேன், தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தேன். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, "என்னாடி, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொன்னது உண்மைதான். கணக்கில் ஒன்றும் இல்லை.

பொருளாளர் குருநாகலைச் சேர்ந்த சிங்களப் பையன். என்னோடு ஒரே வகுப்பு. அவனும் நானும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்வோம். பதவிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவனும் என்னைப் போலவே திகைத்துப் போயிருந்தான். ரயிலில் நின்றுகொண்டே எங்கள் பக்கத்து நகரமான ஹட்டனுக்கு வந்து சேர்ந்தான். இருவரும் முதலில் ஆபீஸ் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். கடை முதலாளிக்கே கட்டடம் சொந்தம். அவருடைய தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம்.

கடையில் ஆளில்லை. அடுக்குகளில் பாதி வெறுமையாக இருந்தது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து விசிறி மட்டையால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தோட்டம் தாயி?"

சொன்னேன்.

"அப்பா?"

"தேயில ஸ்டோர்ல வேலைங்க. அம்மா மலைக்குப் போறாங்க."

"படிக்கிற புள்ள. ஒனக்கு என்னாத்துக்கும்மா இந்தத் தலவலி? வாடக கெடக்கட்டும், நான் அதுக்காகச் சொல்லல. மூடிட்டுப் போயி படிப்பப் பாரு. நானே கடைய மூடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"மூடினா, காசு கட்டுன புள்ளைங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"காசு எடுத்தவன் சொல்லட்டும்."

"அவரு போயிட்டாருங்க."

முதலாளி சிரித்தார். அந்த வருடம் போகாதவர் யார் என்பது போலிருந்தது அந்தச் சிரிப்பு. கடைசியில், மாடியை உடனே விட்டுவிடுவது, நாற்காலிகள், மேசைகள், கணினி எல்லாவற்றையும் பாக்கி வாடகைக்கு ஈடாக அவர் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். எங்களுக்குப் பதாகை ஒன்றும் ஒரு பெட்டி கோப்புகளும் மிஞ்சின. பொருளாளர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். எரிபொருள் வரிசை கடைவீதி முழுக்க நீண்டு கிடந்தது. ஆட்டோக்காரர்கள் வண்டிகளைத் தள்ளித் தள்ளி முன்னேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் பதாகையிலிருந்த உலக உருண்டைப் படத்தைப் பார்த்து, "தங்கச்சி, எங்க போகுது அது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அடுத்தது பெற்றோர்கள். போனில் சொல்லிவிடலாம் என்றான் பொருளாளர். என்னால் முடியாது என்றேன். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேர்முகத்துக்காக நான் போயிருக்கிறேன். அவர்கள் வீட்டு டீயைக் குடித்திருக்கிறேன். ஹட்டன் பக்கத்து வீடுகளுக்கு நடந்தே போனேன். ஒரு வீட்டில் அழுதார்கள். இன்னொரு வீட்டில், நான் போன பிறகு போலீசுக்குப் போகலாமா என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். போயிருந்தால் தவறு சொல்ல முடியாது.

ராகலைக்குப் போனதுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. நுவரெலியா வரை லொறியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒரே ஒரு பஸ், தொங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பையன் போர்த்துக்கல்லுக்கு அரை வருடம் போகத் தெரிவாகியிருந்தான். தோட்டக் காணியில் கொஞ்சம் எடுத்து கரட்டும் லீக்ஸும் போடுகிறவர் அவன் அப்பா. உரம் கிடைக்காமல் போன வருடத்தில் விளைச்சல் விழுந்துபோயிருந்தது. முன்பு நான் போனபோது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறவை மாடு நின்றது. இப்போது கொட்டிலில் சாக்குகள் மட்டும் கிடந்தன. வைப்புப் பணத்துக்காகத்தான் மாட்டை விற்றார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு இதுல என்ன பங்கு?" என்றார் கடைசியில் அவன் அப்பா.

"இப்ப நான்தாங்க தலைவர்."

"அப்ப நீங்கதான் குடுக்கணும்."

"ஆமாங்க. நாங்கதான் குடுக்கணும்."

"எப்ப?"

"இன்னும் தெரியலைங்க."

"எப்பன்னு தெரியாம என்னாத்துக்கும்மா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே புரியாமல் கேட்டார். பையனின் அம்மா டீ கொண்டு வந்து வைத்தார். பால் இல்லாத டீ. அந்த வீட்டில் முன்பு பால் டீதான் தருவார்கள்.

பையன் பஸ் நிற்கும் இடம் வரை வந்தான். "அக்கா, அந்த எடம் இன்னும் எனக்கு இருக்கா?" என்று கேட்டான். இந்த வருடக் கட்டணம் கட்டாததால் தலைமையகம் எங்கள் கிளையையே நிறுத்தி வைத்திருக்கிறது என்றேன். அவன் கையில் இருந்த குச்சியால் சேற்றைக் கிளறினான். "மாமா ஒருத்தரு கட்டார்ல இருக்காரு. அங்க போகலாம்னு பாக்குறேன்" என்றான். கொஞ்சம் பொறு என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்காகப் பொறுக்கச் சொல்வது? பஸ் வந்தது.

திரும்பி வந்ததும் தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். ஆண்டுக் கட்டணம் கட்டாத கிளைகளை மூடுவது பற்றிச் சர்வதேசக் குழு கூடிப் பேசப்போகிறது, நீங்கள் விரும்பினால் ஒன்லைனில் வந்து பேசலாம். அந்தக் கட்டணம் டொலரில். ரூபாய் சரிந்த பிறகு அதைப் பார்க்கவே தலை சுற்றியது. பொருளாளரை அழைத்தேன்.

"இதில் நம்முடைய தவறு என்ன? டொலர் ஏறியதற்கு நாமா பொறுப்பு?" என்று கத்தினேன்.

"டொலர் ஏறினால் எல்லோருக்கும் நட்டம் இல்லை. டொலர் கொண்டு வருகிறவனுக்கு லாபம்தான்" என்றான் அவன் அலுப்போடு. பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

அன்று மாலை நடந்துகொண்டே இருந்தபோது அது திரும்பத் திரும்ப வந்தது. அமைப்பு வருடந்தோறும் ஆசிய, ஆபிரிக்கக் கிளைகளுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் நடத்தும். எப்போதும் விலை கூடிய நகரங்களில்தான். அதே டொலரை ஹட்டனுக்குக் கொண்டு வந்தால் எத்தனை பேருக்குச் சோறு போடலாம், எவ்வளவு மிஞ்சும்? திரும்பவும் பொருளாளரை அழைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவன் அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.

சர்வதேசக் குழுக் கூட்டம் எங்கள் நேரத்துக்கு மாலையில் நடந்தது. மின்சாரம் இல்லை. லயத்தில் சிக்னல் எடுக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தேயிலை மலையின் விளிம்பில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே மட்டும் எடுக்கும். குடையோடு போய் நின்றேன். என் முறை வரும்போது மழை பிடித்துக்கொண்டது. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். சுத்தமான அறைகள், புத்தக அடுக்குகள். எனக்குப் பின்னால் மழையும் தேயிலைச் செடிகளும்.

"பின்னால் சத்தம் அதிகமாக இருக்கிறது. வேறு இடத்துக்குப் போக முடியுமா?" என்று கேட்டார் கூட்டத்தை நடத்தியவர்.

"வேறு இடமில்லை" என்றேன்.

மூன்று விஷயம் கேட்கத் தயார் செய்து வைத்திருந்தேன். குளிரில் வரிசை குழம்பிவிட்டது. கடைசி விஷயம் முதலில் வந்துவிட்டது. "அடுத்த பயிற்சிக் கூட்டத்தை எங்களிடம் தாருங்கள்" என்றேன். சிலர் சிரித்தார்கள். மூடப்போகிற கிளை கூட்டம் நடத்தக் கேட்கிறது. பிறகுதான் வைப்புப் பணத்தைப் பற்றிச் சொன்னேன், ஒளிக்காமல் சொன்னேன். கட்டணத்தைத் தள்ளி வையுங்கள், கூட்டத்தில் மிஞ்சுவதை முதலில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விடுங்கள் என்றேன்.

ஒருவர், இப்படிப் பணத்தைச் செலவழித்த கிளையை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. செலவழித்தவர்கள் யாரும் இப்போது இல்லை, நம்பவும் திட்டவும் நாங்கள் இருவர்தான் மிச்சம் என்றேன். அப்போது கென்யாக் கிளையின் தலைவி பேசினாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள்.

"எங்கள் நாட்டுப் பணமும் இறங்குகிறது. இன்று இவர்கள், நாளை நாங்கள். கட்டணத்தை உங்கள் ஊர்ப் பணத்தில் வைத்துவிட்டு, கட்ட முடியாதவர்களைப் பட்டியல் போட்டு மூடுவது எந்த ஊர் நியாயம்?"

அதற்குப் பிறகு அவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. என் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. முடிவு கேட்கும் முன்பே அணைந்துவிட்டது. மின்சாரம் வரும் வரை வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அப்பா எதுவும் கேட்காமல், நான் நடக்க வசதியாகக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பயிற்சிக் கூட்டம் எங்களுக்குக் கிடைத்தது. கட்டணம் அதுவரை தள்ளிவைக்கப்பட்டது. நடத்த முடியாவிட்டால் கிளை மூடப்படும்.

நாடு கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கிய பிறகு, மறு வருடத்துக்கு ஏற்பாடு செய்தோம். ஹட்டனுக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பயிற்சி இல்லத்தைக் குறைந்த வாடகைக்குப் பிடித்தோம். பிரதிநிதிகளுக்கு அனுப்பும் அழைப்பைப் பொருளாளர் தயாரித்து எனக்கு அனுப்பினான். அட்டையில் கூடையோடு ஒரு பெண். உள்ளே, தனிக் கட்டணத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகள்: ஒரு நாள் கொழுந்து பறிக்கலாம், ஓர் இரவு லயத்தில் தங்கலாம்.

நான் அவனை அழைத்து, "இதை எடு" என்றேன்.

"ஏன்? இதற்குத்தான் கூடுதலாகத் தருவார்கள்."

"எங்கள் வீட்டைக் காட்சிசாலை ஆக்க மாட்டேன்."

"உன் வெட்கத்துக்காக அந்தப் பெற்றோர்கள் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டுமா?"

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சுட்டது. அம்மா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து அவளிடம் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு குடுப்பாங்களாம்?"

"அம்மா! நம்ம காம்பராவுல கொண்டாந்து படுக்க வைக்கிறதா?"

"படுத்தா என்னா? மழைக்கு ஒழுகும், அத மட்டும் முன்கூட்டியே சொல்லிரு."

"நீ கொழுந்து எடுக்குறத படம் புடிச்சுட்டுப் போவாங்க."

"இப்ப மட்டும் புடிக்கலயா? வேன நிப்பாட்டி நிப்பாட்டிப் புடிக்கிறான். ஒரு சல்லி குடுக்குறானா? இதுல சல்லி வருதுன்னா ஒனக்கு என்னா?"

என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் எடுத்துவிட்டேன். தலைவர் என்ற முறையில் அது என் முடிவு. அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பக்கத்துக் காம்பரா அக்காவிடம், "வந்த வரும்படிய இவ வெரட்டிட்டா" என்று என் காதுபடச் சொன்னாள். அந்த நிகழ்ச்சிகள் இல்லாததால் சில கிளைகள் வர மறுத்துவிட்டன. வரவு குறைந்தது. நான் செய்தது சரியா என்று அன்றும் எனக்கு நிச்சயமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் அம்மா சும்மா விடவில்லை. பொருளாளர் ஒரு நாள் தோட்டத்துக்கு வந்தபோது, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவனைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்குச் சமையல் யார்? ஹட்டன் ஹோட்டல் ஒன்று என்றான். அவ்வளவு தூரம் போவானேன், நாங்கள் சமைக்கிறோம் என்றாள். கோயில் திருவிழாவுக்கு வைத்திருக்கும் பெரிய அண்டாக்கள் இருக்கின்றன, விறகுக்குத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மிளாறுக் குச்சி இருக்கிறது. கூலி மட்டும் மலையில் ஒரு நாள் பேர் போட்டால் கிடைக்கும் சம்பளத்தைவிட நல்ல கூடுதலாக வேண்டும். அவன் குறைத்துக் கேட்டான். அவள் எழுந்து போகப் பார்த்தாள். கடைசியில் அவள் சொன்னதற்கே ஒத்துக்கொண்டான். அப்படியும் அது ஹோட்டலைவிடக் குறைவு.

கூட்டத்துக்கு முன் பிரதிநிதிகள் எல்லோரும் எல்ல என்ற மலையூர் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு ரயிலில் ஹட்டனுக்கு வருவதாக ஏற்பாடு. நான் விடியற்காலையிலிருந்தே ஹட்டன் ஸ்டேசன் மேடையில் உலாத்திக்கொண்டிருந்தேன். மழை விடாமல் பெய்தது. ரயில் வரவில்லை. பாதையில் மண் சரிந்துவிட்டது, நானுஓயாவோடு நிறுத்திவிட்டோம் என்றார் ஸ்டேசன் அதிகாரி.

"எவ்வளவு நேரமாகும் சேர்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"மண் அள்ளும் வரைக்கும்" என்றார்.

பொருளாளர் கடைவீதிக்கு ஓடினான். கிடைத்த வேன்களைப் பேசிக்கொண்டு நானுஓயாவுக்குப் போனோம். வளைவுக்கு வளைவு பனிமூட்டம். டிரைவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். எனக்கு இறங்கி ஓடலாம் போலிருந்தது. திட்டுவார்கள், திரும்பிப் போய்விடுவார்கள், கிளை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நானுஓயாவில் அவர்கள் பைகளின் மேல் உட்கார்ந்து, வடை விற்பவரின் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் என்னிடம், இதற்கு ஏற்பாட்டாளர் யார், முன்யோசனை இல்லையா என்று கேட்டார். நான்தான் என்றேன். கென்யாத் தலைவி எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலையில் துண்டு கட்டியிருந்தாள். "அன்றைக்குக் கேட்ட மழை இதுதானா?" என்றாள்.

கூட்டம் நடந்த நாட்களில் நான் எந்த அமர்விலும் முழுதாக உட்காரவில்லை. தண்ணீர் வருகிறதா, மின்சாரம் போகுமா, அரிசி போதுமா. மற்றவர்கள் தலைமைத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் கழிவறைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மாவும் அவள் கூட்டாளிகளும் பின்பக்கம் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பருப்பு, கத்தரிக்காய், கோழி. புகை ஜன்னல் வழியாக மண்டபத்துக்குள் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சோறு மட்டும் ஒரு நாளும் மிஞ்சவில்லை.

ஒரு மதியம் கென்யாத் தலைவி தட்டைக் கொடுக்கப் பின்பக்கம் வந்தவள், அம்மாவின் விரல்களைப் பார்த்து நின்றுவிட்டாள். கொழுந்துக் கறை படிந்து வெடித்த விரல்கள். அவள் தன் அம்மாவுக்கும் அப்படித்தான் என்றாள். நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

"இவ அம்மாவும் கொழுந்தா எடுக்குறாங்க?" அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. ஆபிரிக்காவில் தேயிலை இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. "கேளு, ஒரு நாளைக்கு எத்தன கிலோ கேக்குறாங்கன்னு கேளு."

கேட்டேன். முன்பு எடுத்தார்கள், இப்போது அம்மாவுக்கு வேலையில்லை, பல தோட்டங்களில் மெசின் வந்துவிட்டது என்றாள் அவள்.

"மெசினா? கொழுந்துக்கா?" அம்மா கரண்டியை அண்டாவில் வைத்தாள். "அப்ப ஆளுங்க?"

கென்யாத் தலைவி தோளைக் குலுக்கினாள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. அம்மா அவள் தட்டை வாங்கி, கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போட்டு நீட்டினாள். அவளும் வாங்கிக்கொண்டு, அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்று மாலை நடந்த அமர்வில், கட்டணத்தை ஒவ்வொரு நாட்டின் நிலைக்கேற்ப வைக்க வேண்டும் என்று சர்வதேசக் குழுவைக் கேட்கும் தீர்மானம் ஒன்றை அவள் கொண்டு வந்தாள். நான் வழிமொழிந்தேன். நிறைவேறியது. அந்தக் கூட்டத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

செலவு போகக் கையில் மிஞ்சியது, நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் சர்வதேசக் குழு பழைய கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. அந்த வருட இறுதியில் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு சிலர் முகாமுக்கு வரத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் வைப்புப் பணத்தைப் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுத்தோம். இனி அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும், கிளைச் செலவுக்குத் தொடக்கூடாது என்று விதி எழுதினோம். புதிய செயற்குழு வந்தது. பொருளாளரும் நானும் விலகினோம். கிளை இன்றும் இருக்கிறது, ஹட்டனில் ஒரு தனியார் டியூட்டரி வகுப்பின் பின்னறையில்.

கடைசிப் பகுதியைக் கொடுக்க ராகலைக்கு நானே போனேன். பையன் கட்டாருக்குப் போய் வெகு நாளாகியிருந்தது. அவன் அப்பா கரட் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு உறையை வாங்கினார். எண்ணவில்லை.

"முழுசும் வந்திருச்சுங்க. நீங்க கட்டுனது மொத்தமும்" என்றேன். சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் கொட்டில் பக்கம் பார்த்தார். "சரிம்மா. ஒங்க மேல குத்தம் இல்ல. ஆனா இந்தக் காசுக்கு இன்னிக்கு ஒரு கன்னுக்குட்டிகூட வராது."

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சந்தை நிலவரம் சொல்வது போலச் சொன்னார். கட்டிய ரூபாய் அத்தனையும் திரும்ப வந்திருந்தது, மாடு வரவில்லை. இதைப் பற்றிப் பிறகு புதிய செயற்குழுவிடம் பேசிப் பார்த்தேன். அவர்களிடம் அதற்குப் பணமில்லை. இருக்காது என்பது எனக்கே தெரியும்.

அன்று பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. கட்டாரிலிருந்து அந்தப் பையன். அப்பா சொல்லிவிட்டாராம்.

"காசு வந்திருச்சாம்க்கா. தேங்ஸ்."

"நீ எப்படியிருக்க?"

"இருக்கேன். வேர்ஹவுஸ்ல வேல. வெயில்தான் ஒத்துக்க மாட்டேங்குது." பின்னால் ஏதோ வண்டி பின்வாங்கும் பீப் ஒலி. "அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த போர்த்துக்கல் எடம் இருந்துச்சுல்ல, எனக்கு வச்ச எடம். அதுக்கு யாரு போனா?"

"யாரும் போகல. அந்த வருசம் நம்ம கிளைக்கே எடம் தரல."

"அப்ப சரிக்கா" என்றான். "ஷிப்ட் தொடங்குது, வைக்கிறேன்."

யாரும் போகவில்லை என்பது அவனுக்கு ஆறுதலா, இல்லை இன்னும் வேதனையா என்று குரலில் தெரியவில்லை. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. நுவரெலியா பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து ஏறச் சொல்லிக் கையசைத்தார். நான் இன்னும் ஒரு தடவை அழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது.